அஞ்சம்மாள் அழாத கதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உப்பளத்தில் என் பக்கத்துப் பாத்திக்காரன் சகாதேவன் ஒருநாள் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்றைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னான். நான் நாலாவது வரை படித்தவன், அவன் அதுவும் இல்லை. சீட்டோ இங்கிலீஷில் இருந்தது. போஸ்ட் மாஸ்டர் சிவஞானம் படித்துத் தமிழில் சொன்னார். அவன் பெண்சாதி அஞ்சம்மாளைப் பற்றி ஒரே ஒரு வரி: ஒத்துழைப்பு இல்லை, மனம் திறக்க மறுக்கிறார்.

மறுக்கிறாளாம்.

பதில் எழுத உட்கார்ந்தேன். கடுதாசியாக எழுதினால் கிழித்துப் போடுவார்கள், கதையாக எழுதினால் யாராவது கடைசிவரை படிப்பார்கள் என்றார் சிவஞானம். அவரை நான் நம்பவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

2

"மரக்காணத்து உப்பு வெயிலில் வைரம் போல..." (அடித்துவிட்டேன். உப்பு கண்ணைக் கூச வைக்கும், அவ்வளவுதான். வைரத்தை நான் பார்த்ததில்லை.)

"அஞ்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதா..." (இதையும் அடித்துவிட்டேன். பொய். அவள் அழவில்லை.)

நடந்ததையே சொல்கிறேன். அவர்களுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பையனுக்கு மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தார்கள்.* பன்னிரண்டு வயதுவரை இருந்தான். எழுபத்துமூன்றாம் வருஷம் ஆடியில் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். அஞ்சம்மாள் சோற்றைத் தொடவில்லை, தூங்கவில்லை. ஒருநாள் கழுவெளி ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவளை மீன்பிடிக்கிறவர்கள் இழுத்து வந்தார்கள். கார்த்திகையில் சகாதேவன் அவளைப் பஸ் ஏற்றி டவுனுக்கு அழைத்துப் போனான். வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்கு வந்தாள். மாத்திரையை நான் குறை சொல்லவில்லை. அது அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்தது. வைத்த இடத்திலேயே அவள் இருந்தாள்.

* இப்படி அழுக்காகப் பேர் வைத்தால் எமன் கண்ணில் படாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு. படித்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

3

சித்திரையில் திடீர் மழை. வரப்பில் அம்பாரமாகக் குவித்த உப்பு. மழை என்றால் எங்கள் ஆட்கள் பிள்ளையைக்கூட இறக்கி வைத்துவிட்டு உப்பை மூடப் பனையோலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அஞ்சம்மாள் ஓலைக்கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். சகாதேவன் ஓடிவந்து பார்த்தபோது பாதி அம்பாரம் இல்லை.

"ஏம்மே, உப்பு கரையுது."

"தெரியுது."

"தெரிஞ்சிகினா குந்தியிருக்க?"

"மூடணும்னு தெரியுது. ஏந்திரிக்கணும்னு தோணல."

உப்பள முதலாளி பக்தவச்சலம் குடையோடு வந்து, "என்னய்யா, உன் பொண்டாட்டி கூத்து பாக்க வந்தாளா?" என்றார். சகாதேவனுக்கு அவள்மேல் கை ஓங்கியது. இறக்கிக்கொண்டான். அவள் முகத்தில் பயமும் இல்லை.

4

ஆஸ்பத்திரியில் இரண்டு ரூம். ஒன்றில் மாத்திரை டாக்டர். அடுத்ததில் வசந்தா என்று ஒரு அம்மா. மனதில் இருப்பதைப் பேசவைத்துக் கேட்பது அவர் வேலை, மாத்திரை தொடங்கிய நாளிலிருந்து வியாழனுக்கு வியாழன். கதவு திறந்திருந்ததால் சகாதேவனுக்கு எல்லாம் கேட்கும்.

"பையனப் பத்திச் சொல்லுங்கம்மா."

"செத்துட்டான்."

"அப்ப மனசு எப்படி இருந்தது?"

"அப்ப இருந்துச்சு."

"இப்ப?"

"ஒண்ணும் இல்லீங்க."

"மழையில உப்பு கரைஞ்சப்போ?"

"கரைஞ்சுது."

அந்த அம்மா எழுதியதுதான் முதலில் சொன்ன சீட்டு. சகாதேவன் உள்ளே போய், "யம்மா, அந்த ரூம்ல குடுக்கற மாத்திரைதாங்க இப்பிடிப் பண்ணுது" என்றான்.

"அது டாக்டர் விஷயம். நான் தலையிடக் கூடாது."

பக்கத்து ரூமுக்குப் போனான். "சாப்புடறாங்க, தூங்கறாங்க, அப்புறம் என்னய்யா? பொண்டாட்டி அழலேன்னு கம்ப்ளெய்ன்ட் குடுக்கற முதல் ஆளு நீதான்" என்று டாக்டர் சிரித்தார். "பேச்செல்லாம் அந்த ரூம்ல."

ஒரு ரூமில் அடைக்கிறார்கள். அடுத்த ரூமில் ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறார்கள். நடுவில் ஒரு சுவர். கதவுக்குக் கதவு ஆறே எட்டு. சகாதேவன் நடந்து பார்த்துச் சொன்னது.

5

அடுத்து அவன் செய்தது உப்பளத்துக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. பாத்தியில் தண்ணீர் அதிகமானால் மடையை அடைப்போம். மூன்று நாளில் தண்ணீர் சுண்டி, கீழே இருக்கிற உப்பு மேலே தெரியும். அதே கணக்குப் போட்டான். ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை நிறுத்தினால் வியாழக்கிழமை அழுகை தெரியும். அரிசி மாவை உருட்டிக் காயவைத்து மாத்திரை என்று கொடுத்தான்.

அவளுக்கு மூன்று நாள் தூக்கம் இல்லை. வியாழனன்று பொம்மையார்பாளையம் தாண்டுவதற்குள் பஸ்ஸில் இரண்டு தரம் வாந்தி. வசந்தா ரூமில் கை உதறிக்கொண்டே இருந்தது, கண்ணில் தண்ணீர். குமட்டலில் வந்த தண்ணீர். அந்த அம்மா சந்தோஷமாக எழுதினார். சிவஞானம் படித்தார்: முன்னேற்றம், உணர்ச்சி வெளிப்படுகிறது.

வாந்தி ஐயா அது. வாந்தி.

சகாதேவன் பயந்துபோய் மாவு விஷயத்தைச் சொல்ல, டாக்டர் அவனைக் கிழிகிழி என்று கிழித்துவிட்டுப் பழைய மாத்திரையையே கொடுத்தார். வீட்டில் அஞ்சம்மாள் சொன்னாள்: "அரிசி மாவுல எந்த டாக்டரு மாத்திர செய்வான்? மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா திட்டியிருக்கலாம்ல?"

"கோவம் வந்தா திட்ட மாட்டேனா?"

சகாதேவன் உட்கார்ந்து அழுதான். பையனுக்குச் சேர்த்து அழுதான். அவள் அவன் முதுகில் கையை வைத்தாள். "வைக்கணும்னு தெரியுது. அதான் வச்சேன்" என்றாள்.

6

(இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்ல வேண்டும்.)

கதைக்கு ஒரு முடிவு எழுதினேன். பஸ்ஸில் யாரோ தன் பிள்ளையை "மண்ணாங்கட்டி" என்று கூப்பிடுகிறார்கள், அஞ்சம்மாள் உடைந்து கதறுகிறாள். எழுதும்போது நானே அழுதேன். கொண்டுபோய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"நல்லா அழுவுறா. யாரு அது?"

கிழித்துப் போட்டேன். வசந்தா அம்மாவும் சகாதேவனும் கேட்டதையேதான் நானும் அவளிடம் கேட்டிருக்கிறேன். எனக்குக் கொஞ்சம் கண்ணீர் கொடு, என் வேலை முடியட்டும்.

7

கடைசி வியாழன்.

"இன்னைக்கும் பேசலேன்னா ஃபைல மூடிடுவேன்மா. வெளிய எத்தன பேரு காத்திருக்காங்க பாருங்க."

அஞ்சம்மாள் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஆறு மாசமா பேசிக்கினுதான இருக்கேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு. எனக்கு இருக்குறது அதுதான். அத ஏன் எழுதிக்க மாட்டேங்கறீங்க?"

பேனா நின்றது.

அந்த அம்மா எழுந்து பக்கத்து ரூமுக்குப் போய், "இந்த மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும்" என்று டாக்டரிடம் கேட்டதாக எழுதலாம். ஃபைலைக் கட்டிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டதாக...

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், நல்லதோ கெட்டதோ, அது அந்த அம்மாவோடு முடிந்துவிடும். இதைப் படிக்கிறவர்களில் அந்த மாதிரி நாற்காலியில் உட்காருகிறவர்களும் இருப்பீர்கள்.

பேனா இப்போது உங்கள் கையில். அஞ்சம்மாள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். அவளை அழவைத்து முடிக்காதீர்கள், அதை மூன்று பேர் செய்து பார்த்துவிட்டோம். ஆறு எட்டுதான். எழுந்துபோய் அந்தப் பக்கத்து ரூம் கதவைத் தட்டுவீர்களா மாட்டீர்களா, அதை மட்டும் எழுதுங்கள்.