கலாதேவி நிரப்பிய மணல்

யுகேந்திரன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலையடிவாரத்து வரிசை வீடொன்றில் தனியாக இருந்தான். அன்று மாலை சிமெண்டு ஏற்றிய வண்டியோடு வடக்கே போய்க்கொண்டிருந்தபோது தூறல் போட ஆரம்பித்தது.

பெருமழையைப் பற்றி ரயில் ஓட்டுகிறவர்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. கொட்டுகிற மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல்தான் மோசம். இரும்பின் மேல் படிந்திருக்கும் துருத்தூளை நனைத்துச் சோப்பு மாதிரி ஆக்கிவிடும். அத்தனை பெரிய வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுவது ஒரு கட்டைவிரல் நகம் அளவு இடத்தில்தான். இழுப்பதும் அந்த இடத்தை நம்பித்தான், நிறுத்துவதும் அதை நம்பித்தான்.

வளைவைத் தாண்டியதும் பார்த்தான். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரத் தோட்டம், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. வேலி பிய்ந்திருந்த ஓரிடத்தில் ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே வந்திருக்கிறார். வழுக்கி விழுந்து, தண்டவாளத்துக்கு நடுவில் கிடந்தார். மோட்டார் அவர் காலின் மேல் கிடந்தது. யுகேந்திரன் ஹார்ன் அடித்தான். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழ முடியவில்லை.

அவசர பிரேக்கைப் போட்டான். சக்கரங்கள் பூட்டிக்கொண்டு சறுக்குவது உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்தது. உருளுகிற சக்கரத்துக்கு உள்ள பிடி சறுக்குகிற சக்கரத்துக்குக் கிடையாது. மணல் பெடலை மிதித்தான். மிதித்தால் என்ஜின் சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு பக்கமும் குழாய் வழியாக மணல் விழவேண்டும். சக்கரம் அதை நொறுக்கிக் கடித்துக்கொண்டு நிற்கும். ஆனால் மழை மாதங்களில் மணல் ஈரத்தில் கட்டிப்போய்விடும். எத்தனையோ தடவை பெடலை மிதித்து ஒரு பிடி மணல்கூட விழாமல் போயிருக்கிறது.

அன்று விழுந்தது. காலுக்குக் கீழே நறநறவென்று ஓர் அதிர்வு. வண்டி பிடித்தது. முனகிக்கொண்டே போய், கை நீட்டினால் மோட்டாரின் ஹேண்டிலைத் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் நின்றது.

அவன் இறங்கி ஓடி மோட்டாரைத் தூக்கிவிட்டான். பெரியவரின் கணுக்கால் ஒடிந்திருந்தது. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. யுகேந்திரனால் மறுபடி என்ஜினில் ஏற முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்தான், கால் மேலே போகவில்லை. வேறோர் ஓட்டுநர் வந்துதான் வண்டியை எடுத்தார்.

அவனுக்கு விடுப்பு கொடுத்தார்கள். வீட்டில் சும்மா இருந்தான். சமைக்க மனமில்லை. சில வருடங்களுக்கு முன்னால் வேறோர் இடத்தில் ஓர் ஆள் அவனுடைய வண்டிக்கு முன்னால் வந்துவிட்டார். அன்றைக்கும் எல்லாம் செய்தான்; வண்டி நிற்கவில்லை. யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவனும் அதை யாரிடமும் பேசவில்லை. இந்தத் தடவை நின்றுவிட்டது. அது ஏன் என்று நினைத்துக்கொண்டே இருந்தவன், ஒரு நாள் காலை பைக்கை எடுத்துக்கொண்டு பணிமனைக்குப் போனான். அங்கே சூப்பர்வைசர் சதாசிவத்திடம், "என் வண்டிக்கு மணல் போட்டது யாரு?" என்று கேட்டான்.

"மணலா? கலாதான். காண்ட்ராக்ட் ஆளு," என்றார் சதாசிவம். "பின்னாடி கொட்டகையில இருக்கும், போய்ப் பாருங்க."

கலாதேவி முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு மணல் சலித்துக்கொண்டிருந்தாள். சிம்பாங் பூலாயில் அம்மாவோடு இருப்பவள். கணவனைப் பிரிந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. ஓட்டுநர் யாரும் அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. அவனைப் பார்த்ததும் சல்லடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்னாண்ணே, மணல் அடைச்சிக்கிச்சா?"

"இல்லங்க."

"நல்லாக் காய வச்சித்தானே போட்டேன். கம்ப்ளேன் பண்ணிட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அங்கிருந்த மணல் மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது. நாற்பது வயது ஆள், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் தோள் குலுங்க அழுதான். கலாதேவிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தன் தண்ணீர் போத்தலைத் திறந்து நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். அவளும் முகத்துணியை இறக்கிவிட்டு இன்னொரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"கொஞ்சம் சபார், பொறுமையா இருங்க. மெதுவாச் சொல்லுங்க," என்றாள்.

சொன்னான். தூறல், வளைவு, பெரியவர், பெடல் எல்லாம்.

"அன்னிக்கா?" என்றாள். "அன்னிக்குக் காலைல ஒங்க என்ஜின்ல எடது பக்கக் கொழாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருந்துச்சு. குளவிக்கூட்டக் கலைக்கக்கூடாதும்பாங்க எங்கம்மா. பாத்துக்கிட்டே நின்னேன். அப்புறம் கம்பிய விட்டுக் குத்தி எடுத்துட்டேன். நாள் பூரா மனசு ஒரு மாதிரியாவே இருந்துச்சு."

"உட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?"

"அடைச்ச கொழாய்க்கு மேல மணலக் கொட்டி என்னா பிரயோஜனம் லா?" அவள் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "அந்தப் பெரியவரு இப்ப எப்படி இருக்காரு?"

"தெரியல. வீட்டுக்கு வந்துட்டாராம்."

"போய்ப் பாக்கலையா?"

"பயமா இருக்கு."

"என்னா பயம்? இந்த ஞாயித்துக்கெழமை எனக்கு லீவு. போலாம், நானும் வாரேன்." சொல்லிவிட்டாளே தவிர, உடனே வெட்கம் வந்து சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் பெயர் அப்பாவு. பழைய தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை இடித்தபோது அங்கிருந்தவர்களுக்குக் கட்டிக்கொடுத்த மலிவு வீடுகளில் ஒன்றில் மனைவி நவமணியோடு இருந்தார். கால் மாவுக்கட்டோடு நாற்காலியின் மேல் நீட்டிக்கிடந்தது. வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவர் எழப் பார்த்தார். நவமணி அவரை அமுக்கி உட்காரவைத்தாள்.

"இவருகிட்ட எத்தன வாட்டி சொல்லியிருக்கேன் தெரியுமா தம்பி? சுத்திப் போங்க, சுத்திப் போங்கன்னு. பத்து நிமிசம் கூட ஆவுமாம். அதுக்கு ரயிலுக்கு முன்னாடி போய்ப் படுத்துக்கிட்டாரு!"

"சும்மா இரு நவமணி," என்றார் அப்பாவு. பிறகு யுகேந்திரனைப் பார்த்தார். "நான் கண்ண மூடிக்கிட்டேம்பா. சத்தம் பெருசாயிக்கிட்டே வந்துச்சு. அப்புறம் நின்னுடுச்சு. செத்தாச்சுன்னுதான் நெனச்சேன். யாரோ 'ஐயா, ஐயா'ன்னு கூப்புட்டாங்க. செத்த எடத்துல தமிழ்ல கூப்புடுறாங்களேன்னு கண்ணத் தொறந்தேன். நீதான் நின்னுக்கிட்டிருந்த."

கலாதேவி சிரித்துவிட்டாள். யுகேந்திரனுக்கும் சிரிப்பு வந்தது. தான் அவரைக் கூப்பிட்டதே அவனுக்கு நினைவில்லை.

"வண்டிய நிறுத்துனது நான் மட்டும் இல்லங்க. இவங்க போட்ட மணலு," என்று கலாதேவியைக் காட்டினான். நவமணி அவளிடம் வந்து இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அப்போதுதான் யுகேந்திரன் அதைச் சொன்னான்.

"இதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு நிக்கலைங்க." அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அவரு வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது."

அப்பாவு நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, எட்டிய வரைக்கும் எட்டி, அவன் முழங்காலில் கையை வைத்தார்.

"அன்னிக்கும் நீ மிதிச்சிருப்ப."

"மிதிச்சேன்."

"அப்ப ஒன் சாலா இல்ல, ஒன் தப்பு இல்ல. இதை அவரு சொல்ல முடியாது. அதே எடத்துல கெடந்தவன் நான் சொல்றேன், கேட்டுக்க."

யுகேந்திரன் தலையாட்டினான். நவமணி எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்தாள். கருவாட்டுக் குழம்பு. அவன் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினான்.

கலாதேவியை அம்மா வீட்டில் விடச் சிம்பாங் பூலாய்க்கு வரும் வழியில் ஒரு கடையில் தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீர் குடிக்க நிறுத்தினார்கள். தூரத்தில் கேமரன் மலைக்கு ஏறும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"புதன்கெழமை டியூட்டிக்கு வாரேன்னு சதாசிவத்துக்கு மெசேஜ் போட்டுட்டேன்," என்றான் அவன்.

"கை நடுங்குனா?"

"நடுங்கும். கொஞ்ச நாளைக்கு நடுங்கத்தான் செய்யும்."

அவள் கிளாஸைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தாள். "எங்கூட்டுக்காரரு போனதுக்கப்புறம் எனக்கும் ரொம்ப நாள் நடுங்குச்சு. பஸ்ல காசு எடுத்துக் குடுக்கக்கூட முடியாது. அப்புறம் ஒரு நாள் பாத்தா நின்னுபோச்சு. எப்ப நின்னுச்சுன்னே தெரியல."

அவன் அவளைப் பார்த்தான். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை பெரியவரப் பாக்கப் போவேன். வாரீங்களா?"

"அடுத்த ஞாயிறு எனக்கு லீவு இல்ல லா."

"அப்ப திங்கக்கெழமை?"

அவள் கொஞ்சம் யோசிப்பது போலிருந்தாள். யோசிக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"திங்கக்கெழமை வாரேன்," என்றாள்.