பிள்ளை மாற்றிப் பிடிப்பவர்கள்

“இன்னிக்கு என்னை யாரும்மா அமுக்குவாங்க?”

பால் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குண்டூசி கேட்டாள். வயது ஆறு. ஒல்லியாக இருந்ததால் அப்பா வைத்த செல்லப்பெயர் அது. தலை பின்னிக்கொண்டிருந்த அம்மாவின் கை சற்று நின்றது.

“யார் அமுக்கினா என்னடி? பல்லைக் கடிச்சுக்கோ,” என்றார் அப்பா, சட்டைப் பொத்தானைப் போட்டபடி. “டீம்ல ஒரு இடந்தான் இருக்கு. மருந்துக்கடைக்காரம்மா பொண்ணு முந்திக்கிட்டா நான் ஆபீஸ்ல தலை காட்ட முடியாது. ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன்.”

“தூக்கத்துல காலைப் பிடிச்சுக்கிட்டு அழறா, உங்க மக,” என்றாள் அம்மா.

“வலிக்காம எவன் ஜெயிச்சான்? பாலைப் பாதி கொட்டிடு. இன்னிக்கு எடை பார்ப்பாங்க.”

அம்மா பாதியைக் கொட்டினாள்.

ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டி, முன்காலின் குதிகாலை மரக்கட்டைமேல் வைக்க வேண்டும். பின்னால் மண்டியிட்டவர் அதன் இடுப்பைத் தரையோடு அமுக்க வேண்டும். பெற்றவள் அமுக்கினால் கை இளகிவிடுகிறது என்று கண்ட மாஸ்டர், தாய்மாரை மாற்றிப் போட்டார். இவள் பிள்ளையை அவள், அவள் பிள்ளையை இவள். அதிலும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும் பிள்ளைகளாகப் பார்த்து இணைத்தார். அதன்பிறகு ஒரு கைகூட இளகவில்லை. இளம் எலும்பைக் கடவுள் வளர்வதற்காகக் கொடுத்தார். அது வளையும் என்று இவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

அன்றும் மாஸ்டர் விசில் ஊதினார். மருந்துக்கடைக்காரம்மா வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு குண்டூசியின் பின்னால் மண்டியிட்டாள்.

“எலும்பு ரப்பர் மாதிரி இருக்கே. என்னதான் சாப்பிடப் போடறீங்க?”

“எங்க போடறாங்க,” என்றாள் பக்கத்தில் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

குண்டூசியின் அம்மாவின் கைகளுக்குக் கீழே மருந்துக்கடைக்காரம்மாவின் மகள் நடுங்கிக்கொண்டிருந்தாள். எதிரே தன் மகளின் உதடு வெளுத்திருந்தது. தன் பிள்ளை அங்கே நோகும் கோபத்தில், தானும் இங்கே கொஞ்சம் கூடுதலாக அமுக்குகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.  கைகளை எடுத்தாள்.

“அமுக்குங்க ஆன்ட்டி,” என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள். “விட்டுட்டீங்கன்னா எங்கம்மா வீட்டுல வச்சு அமுக்குவாங்க.”

குண்டூசியின் அம்மா மரக்கட்டையைத் தள்ளிவிட்டு, அந்தப் பெண்ணை மடியில் உட்காரவைத்துக் காலைத் தேய்த்துவிட்டாள். அடுத்த வலி எங்கிருந்து வருமோ என்று பிள்ளை விறைத்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா, அடுத்தவங்க பிள்ளைக்கே இளகிட்டீங்க?” என்றார் மாஸ்டர்.

“ஆமா சார். இளகிடுச்சு.”

“எம்பொண்ணு தோக்கணும்னுதான் சார் செய்றா,” என்றாள் மருந்துக்கடைக்காரம்மா, குண்டூசியின் இடுப்பிலிருந்து கையை எடுக்காமலே. “அமுக்காம விட்டா அது பின்தங்கிடும்ல? நல்லா நடிக்கிறா.”

குண்டூசியின் அம்மா மடியிலிருந்தவளை மெல்ல இறக்கிவிட்டு எழுந்து வந்தாள்.

“கையை எடுங்கக்கா. அவளைக் கூட்டிட்டுப் போறேன்.”

“வாசலைத் தாண்டினா இடம் போச்சு,” என்றார் மாஸ்டர். “வீட்டுக்காரரைக் கேட்டுக்கிட்டீங்களா?”

“இல்ல சார். போய்ச் சொல்லிக்கிறேன்.”

குண்டூசியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள்.

இப்போது மருந்துக்கடைக்காரம்மாவின் மகளுக்கு ஜோடி இல்லை. மாஸ்டர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரம்மா தானே வந்து மகளின் பின்னால் மண்டியிட்டாள். மரக்கட்டையை இழுத்துப் போட்டாள். பெற்றவள் கை இளகும் என்று மாஸ்டர் நினைத்திருந்தது அன்று பொய்யாயிற்று.

“அம்மா, அந்த ஆன்ட்டி நாளைக்கு வருவாங்களா?”

“எதுக்குடி?”

“காலைத் தேய்ச்சுவிட.”

“நேரா பாரு,” என்றாள் அம்மா. விசில் வரும்வரை அவள் கைகள் வைத்த இடத்திலேயே இருந்தன.