கொண்டேலேயின் செம்மண்ணும் கரியும்

கிசுமு நகரத்துக் கொண்டேலே வாடகை பைக் நிறுத்தத்தில், அவித்தியின் மின்சார பைக் வந்த முதல் நாளே செம்மண் போட்டது. நின்ற இடத்தில் வயிற்றுக்கடியிலிருந்து பிடிபிடியாக விழுந்தது. பேட்டரிக்கு உலோகம் தோண்டிய காங்கோ மண் அது. அங்கே சுரங்கக் கூலிக்குப் போய் வந்த இருவர் நிறத்தைப் பார்த்தே சொன்னார்கள். அதே வாரம் மற்ற முப்பத்தொரு பெட்ரோல் பைக்குகளின் புகையும் காற்றில் கலக்க மறுத்துக் கரியாக உதிர்ந்தது. நாளைக்கு ஒரு கைப்பிடிதானே என்று யாரும் அதைப் பேச்சாக எடுக்கவில்லை.

"அவித்தி, உன் வண்டி சத்தமில்லாம வருதேன்னு பாத்தா, வயித்துப்போக்கோடல்ல வந்திருக்கு!" என்றான் பக்கத்துப் பெட்ரோல் பைக்கில் உட்கார்ந்திருந்த ஓடெரா.

"உன்னுது மட்டும் ரோசாப்பூவா போடுது?" என்றாள் அவித்தி.

நிறுத்தத் தலைவர் ஒகோலாவுக்கு ஒரு பெண் வரிசையில் நிற்பதே பிடிக்காது. அவளுடைய அழுக்கு ஊருக்கே தெரியட்டும் என்று நிறுத்தத்தின் புத்தகத்தில் புதிய விதி எழுதினார்: யாரும் அள்ளிக் கொட்டக் கூடாது, அவரவர் போட்டது அவரவர் இடத்திலேயே கிடக்க வேண்டும், ஆண்டுக்கொருமுறை வரும் நீள்மழை நான்காம் முறை ஓய்ந்ததும் மிகப் பெரிய குவியலுக்கு உரியவர் வெளியேற வேண்டும். முப்பத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வேறு எந்த நிறுத்தமும் பெண்ணைச் சேர்க்காது. இடம் போனால் அவித்திக்கு மறுபடி ஏரிக்கரையில் மீன் கூடை சுமக்கிற வேலைதான். கழுத்தெலும்பு இன்னும் அதை மறக்கவில்லை.

மழை மண்ணையும் கரைக்கவில்லை, கரியையும் கரைக்கவில்லை. ஆறு மாதத்தில் அவளுடைய மண் இடுப்பளவு வந்தது. ஒருநாள் மண்ணோடு வார் அறுந்த ரப்பர் செருப்பு ஒன்று விழுந்தது, யாரோ ஒரு சுரங்கக் கூலியுடையது. அவள் ஒளித்திருக்கலாம். அதுவும் தான் போட்டதுதான் என்று குவியலின் உச்சியில் வைத்தாள். அன்று ஓடெராகூடச் சிரிக்கவில்லை. பதினான்காம் மாதம், தோண்டியது அத்தனையும் விழுந்து தீர்ந்து, மண் நின்றது. பிறகு, ஏற்றிய மின்சாரத்துக்காக மாதம் ஒரு தீப்பெட்டி சாம்பல், அவ்வளவே. கரி நிற்கவில்லை. வண்டி ஓடியவரை உதிர்ந்தது. இரண்டாம் ஆண்டு தோளளவு, மூன்றாம் ஆண்டு தலைக்கு மேல். அதிகம் ஓடிய, மிகப் பழைய வண்டியை வைத்திருந்த ஒகோலா ஏணி போட்டுத்தான் தன் இடத்துக்கு இறங்கினார்.

நான்காவது மழை ஓய்ந்த காலையில் அளக்கக் கயிறே தேவைப்படவில்லை.

"புத்தகத்தைப் படிங்க தலைவரே," என்றாள் அவித்தி. "பின்னாடி நிக்கிறவனுக்கும் கேக்கணும்."

அவர் படித்தார். படித்து முடித்ததும், முப்பத்தொரு பேர் பார்க்க, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஓடெரா அடித்த விசில் சந்தை வரை கேட்டது. அன்றே அவித்தியை வரிசையின் முதலிடத்தில் நிறுத்தினார்கள்.

பதினோராம் நாள் ஒகோலா மின்சார பைக்கில் வந்து, புது ஆளாக வரிசையின் கடைசியில் நின்றார். அடியில் செம்மண் விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினாலு மாசம் தலைவரே. அப்புறம் தானா நின்னுடும்," என்று மூட்டுவலிக்கு மருந்து சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, அவித்தி முதல் சவாரியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள்.