இறக்கம் எண்ணாத நூற்றுப் பதினெட்டு மரங்கள்

கேரளத்துப் பெருமாட்டியில் தென்னை மரம் ஏறும் மருதாத்தாள், 2024 பங்குனியில் ஒரு வியாழக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு, நூற்றுப் பதினெட்டாவது மரத்தின் உச்சியிலிருந்து கால் எடுத்து வைத்து மலைமேல் இருக்கும் சூரியநெல்லித் தேயிலைத் தோட்டத்துக்குள் நுழைந்தாள். பஸ்ஸில் போனால் அதே இடத்துக்கு ஒரு பகல் முழுக்க ஆகும், நாலு பஸ் மாற வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுப்பது தனி. மரத்தில் போனதில் அவளுக்குத் தாகம் மட்டும் எடுத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிங்கம். மாசி மாதம் மருதாத்தாள் ரீசார்ஜ் செய்ய அப்பாஸ் பாயின் கடைக்குப் போனபோது, அவர் போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். குஜராத்தில் கிர் காட்டை ஒட்டிய வயலில், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த ஒரு சிங்கம் சுற்றிச் சுற்றி நீந்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக் கிணறுகளுக்குச் சுவர் கட்ட ஓர் அமைப்பு நன்கொடை கேட்டிருந்தது. மருதாத்தாள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷம் முன்பு அவளுடைய செவலைப் பசு இதே பெருமாட்டியில், யக்ஞநாராயணன் சாரின் தோப்பில், சுவரில்லாத கிணற்றில் விழுந்து, ஆள் சேர்ந்து கயிறு வருவதற்குள் போய்விட்டது. அன்றிலிருந்து கிணற்றில் எது விழுந்தாலும் அவளுக்குத் தாங்காது. வாளி விழுந்தால்கூட ஒரு நிமிஷம் நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள்.

ஊரில் சிரித்தார்கள். கேரளத்தில் யானை இருக்கிறது, புலி இருக்கிறது, காட்டுப்பன்றி வேண்டிய மட்டும் இருக்கிறது, இல்லாத சிங்கத்துக்கு இவள் எதற்கு உருகுகிறாள் என்று கேட்டார்கள். அப்பாஸ் பாய் சிரிக்கவில்லை. அவர் உணர்ச்சிவசப்பட்டால் திட்டம் போடுகிற ஆள். மருதாத்தாள் தென்னை ஏறியே ஒரு மலையின் உயரத்தைத் தொடுவது, அதற்கு ஊரார் பணம் தருவது என்று முடிவு செய்தார். மலைக்குச் சூரியநெல்லியைத் தேர்ந்தெடுத்தார். வாழ்நாளில் அவர் போன ஒரே உயரமான ஊர் அதுதான், அங்கே போய் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தவர். ஒரு மரம் நாற்பதடி. பெருமாட்டிக்கும் சூரியநெல்லிக்கும் உள்ள உயர வித்தியாசத்தை நாற்பதடியால் வகுத்தால் நூற்றுப் பதினெட்டு மரம். யக்ஞநாராயணன் சாரின் தோப்பில் இருந்ததும், ஆண்டவன் புண்ணியத்தில், சரியாக நூற்றுப் பதினெட்டு மரம். மூன்றே நாளில் ஏறி முடிக்க வேண்டும், ஒரு மரம் குறைந்தாலும் ஒருவரும் ஒரு பைசா தர வேண்டியதில்லை என்று நோட்டீஸ் அடித்தார். பக்கத்துச் சித்தூர் பஸ் ஸ்டாண்டு வரை நோட்டீஸ் போயிற்று. பணம் தருவதாகப் பாயின் நோட்டில் எழுதியவர்களில் பாதிப்பேர் அவள் தோற்பாள் என்ற தைரியத்தில்தான் எழுதினார்கள்.

பாயின் மனைவி ஐசும்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "ஏறுனத கூட்டறீங்க, சரி. ஒவ்வொரு மரத்துலயும் எறங்குவாளே, அத யாருங்க கழிக்கறது?"

"எறங்கறத யாரு எண்ணுவா?" என்றார் அப்பாஸ். அது நியாயம்தான். இந்தப் பக்கத்தில் கூலி, ஏறிய மரத்துக்கு. இறங்குவதற்கு எவனும் கூலி கொடுத்ததில்லை, எவளும் கேட்டதில்லை. நோட்டில் ஏற்றம் மட்டும் ஏறியது, உயரமும் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டு மரத்துக்கு மரம் கூடிற்று.

முதல் நாள் மருதாத்தாள் மரம் ஏறும் மெஷினை மரத்தில் மாட்டி மிதித்து ஏறினாள். இருபதாவது மரத்தின் உச்சியிலிருந்து பொள்ளாச்சி தெரிகிறது என்றாள். நாற்பதாவதில் குளிர்கிறது என்று ஸ்வெட்டர் கேட்டாள். கீழே நின்றவர்கள் வெயிலில் வேர்த்துக் கொட்டியபடி அதை மேலே கட்டி அனுப்பினார்கள். கயிறு வைத்து அளந்து பார்த்தார்கள், மரம் என்னவோ அதே நாற்பதடி மரம்தான். இரண்டாம் நாள் அறுபதாவது மரத்திலிருந்து அவள் நனைந்து இறங்கினாள், மேகம் போயிற்றாம். எழுபதாவதில் மாலை டீக்கு முன் அவள் வெட்டிப் போட்ட இளநீர்க் குலை, டீ குடித்து முடித்த பிறகுதான் தரைக்கு வந்து சேர்ந்தது, அதுவும் சில்லென்று. அப்பாஸ் பாய் விடுவாரா? ஐஸ் பெட்டி இல்லாத ஐஸ் இளநீர் என்று எழுதி வைத்து, சிங்கத்தின் பேரில் விற்றார். வண்ணாமடையிலிருந்தெல்லாம் பைக்கில் வந்து குடித்தார்கள். ஊருக்கே கிறுக்குப் பிடித்துப்போயிற்று. தோற்பாள் என்று எழுதியவர்கள்தான் இப்போது அதிகமாக விசில் அடித்தார்கள்.

மூன்றாம் நாள் நூற்றுப் பதினேழு முடிந்தது. மிச்சம் இருந்தது ஒரே மரம், கிணற்றோரத்து மரம். மூன்று வருஷமாக அவள் அதை மட்டும் ஏறாமல் தவிர்த்துவந்தாள். வேறு மரத்தில் ஏறலாம் என்றால், காய் பறித்த மரத்தில் நாற்பத்தைந்து நாளைக்கு மறுபடி ஏறும் வழக்கமில்லை. மருதாத்தாள் மெஷினை மாட்டினாள். பாதி மரத்தில் கீழே பார்த்துவிட்டாள். கிணறு வாயைத் திறந்துகொண்டு நேர் கீழே கிடந்தது. கால் நின்றுவிட்டது, செவலையின் கண் ஞாபகத்துக்கு வந்தது. உரக்க அழுதாள்.

விசில் நின்றது. "அம்மிணி, போதும், எறங்கிரு" என்று கத்தினார் அப்பாஸ். "ஊர்ல நா தலையில துண்டப் போட்டுக்கறேன். நீ முழுசா வந்து சேரு."

பிறகு மேலேயிருந்து குரல் வந்தது. "நீங்கதான எறக்கத்த எண்ணறதில்லைன்னீங்க பாய். எண்ணாத எறக்கத்த நா எதுக்குங்க எறங்கோணும்? அங்க சிங்கம் நீந்திக்கிட்டுக் கெடக்குது." மெஷினின் கிரீச் சத்தம் மறுபடி கேட்டது. ஓலைக்குள் போனாள், சத்தம் நின்றது, ஆளைக் காணவில்லை.

சூரியநெல்லியில் அது கொழுந்து நிறுக்கும் நேரம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு தென்னங்குருத்து முளைத்திருப்பதையும் அதிலிருந்து ஸ்வெட்டர் போட்ட பெண் ஒருத்தி வெளியே வருவதையும் பார்த்த சூப்பர்வைசர் பவுல்ராஜுக்கு, கூடை இல்லாததுதான் முதலில் கண்ணில் பட்டது.

"ஏக்கா, எந்த டிவிசன்? நிறுவை நேரத்துல வெறுங்கையோட நிக்கியளே?"

"பெருமாட்டிங்க. இப்பத்தா ஏறி வந்தேன். அடையாளத்துக்கு ஒரே ஒரு கொழுந்து கிள்ளிக்கட்டுங்களா?"

பவுல்ராஜ் யோசித்தார். பேர் பதியாதவர் கொழுந்து கிள்ளக் கூடாது என்பது தோட்டத்து விதி. அவள் பேரை அரை நாள் ஆளாகப் பதிந்துகொண்டு, கிள்ளச் சொன்னார், குடிக்க வெந்நீரும் கொடுத்தார். மருதாத்தாள் இரண்டு இலையும் ஒரு மொட்டுமான கொழுந்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரும்ப மரத்தில் கால் வைத்தாள். இறக்கத்தை யாரும் எண்ணாததால் அதற்கு எப்போதும் போல இரண்டு நிமிஷம்தான் ஆயிற்று. கீழே அவளைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அப்பாஸ் பாய் கொழுந்தை முகர்ந்துவிட்டு இரண்டு தும்மல் தும்மி, அசல் சூரியநெல்லிதான் என்று சாட்சி சொன்னார்.

பணம் குஜராத்துக்குப் போயிற்று. சமாசாரம் கேள்விப்பட்டு யக்ஞநாராயணன் சார் கல்பாத்தியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வந்து கிணற்றைப் பார்த்தார். "எங்கயோ இருக்கற கிணத்துக்கெல்லாம் சுவர் கட்டறா, என் கிணறு இப்படிக் கெடக்கு. நேக்கு வெக்கமா இருக்கு" என்றவர், அந்த வாரமே இடுப்பளவு சுவர் எழுப்பினார். மற்ற மரங்களின் உச்சி அடுத்த பறிப்பில் நாற்பதடிக்குத் திரும்பிவிட்டது, கிணற்று மரத்தின் உச்சி மட்டும் சூரியநெல்லியிலேயே இருந்துவிட்டது. பஞ்சாயத்து ஆறு மாதம் ஆலோசித்து, மரத்துக்கு ஒரு நம்பர் போட்டது. பவுல்ராஜ் அவ்வப்போது காலையில் மேலேயிருந்து தேயிலைப் பொட்டலம் போட்டுவிடுவார், அது மத்தியானத்துக்குள் வந்து சேரும்.

மறு வருஷம் தை மாதம் அப்பாஸ் பாயின் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. புதுச் சுவர் கட்டிய கிணறு. முன்னங்கால் இரண்டையும் சுவர் மேல் வைத்து ஒரு சிங்கம் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மருதாத்தாள் போனை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"எட்டிப் பாக்காத கண்ணு" என்றாள் பதறி. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்தாப் பாக்கட்டும் பாய். அதான் செவுரு இருக்குதுங்களே."

ரீசார்ஜ் செய்துகொண்டு, வீட்டுக்குப் போய் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு தோப்புக்கு நடந்தாள். அன்றைக்குக் கிணற்று மரத்தில் காய் பறிக்கும் முறை.