லைனில் ஆள் இல்லை

கட்டுப்பாட்டு அறையில் அதற்கு ‘ரெட்டை’ என்று பேர். ஊரிலுள்ள ஒவ்வொரு கம்பத்துக்கும் கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் கணினிக்குள் ஒரு நகல். வெளியே கம்பி சூடானால் திரையில் சிவக்கும். எந்த லைனை எப்போது அணைக்கலாம் என்று செயற்கை நுண்ணறிவே யோசித்துச் சொல்லிவிடும். மனுஷனுக்கு யோசிக்கிற பாரத்தை வைக்காத புண்ணியவான்.

அன்று மதியம் ரெட்டை சொன்னதை, அந்த அறையில் வேலை பார்க்கும் அக்கா ஃபோனில் அப்படியே சொன்னாள். “லைன் செத்திருக்கு. ஏறலாம்டா.” மறுமுனையில் அவள் தம்பி, லைன்மேன். திரையில் அனுமதி வந்தாலும் அக்கா வாயால் ஒரு தடவை கேட்காமல் ஏணியில் கால் வைக்கமாட்டான்.

“நீ சொல்லிட்டேல்ல, இனிமே எமனே வந்தாலும் வரிசையில நிக்கணும்” என்றான்.

ஏறுவதற்கு முன் கம்பிகளைத் தரையோடு இணைத்துச் சங்கிலி மாட்டவேண்டும். எங்கிருந்தாவது கரண்ட் வந்தாலும் மண்ணுக்குள் போய்விடும். அதுதான் விதி. அக்காவே சொல்லிவிட்டாளே என்று சங்கிலியை வண்டியிலேயே விட்டுவிட்டான்.

அதே தெருவில் ஒரு வீட்டுக்காரர் ஜெனரேட்டர் வாங்கி, யாரிடமும் மூச்சுவிடாமல், வீட்டு ஒயரிங்கிலேயே சொருகி வைத்திருந்தார். கரண்ட் போனதும் அதை ஓடவிட்டார். அந்தக் கரண்ட் தலைகீழாகக் கம்பத்துக்கு ஏறியது. ரெட்டைக்கு அப்படி ஒரு ஜெனரேட்டர் இருப்பதே தெரியாது.

“வழியிலேயே போயிட்டான்மா” என்று கூடப் போன லைன்மேன் ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னார்.

“சரிண்ணே” என்றாள் அக்கா. அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது.

திரையில் அந்த லைன் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. ‘பணியாளர் லைனில் உள்ளார். மின்சாரம் தர இயலாது.’ அனுமதி வாங்கியவன்தான் இறங்கிவிட்டேன் என்று அதைத் திருப்பித் தரவேண்டும். அவனால் முடியாவிட்டால், கொடுத்தவர் நேரில் போய்ப் பார்த்து ரத்து செய்யவேண்டும்.

“நீ வீட்டுக்குப் போம்மா. நான் பாத்துக்கறேன்” என்றார் சூப்பர்வைசர்.

வீட்டுக்குத்தான் அவளால் போகமுடியவில்லை. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அம்மா வீடும் அதே லைன். மகன் கம்பம் ஏறினால் அம்மா ஃபேன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு அதன் கீழேயே உட்கார்ந்திருப்பாள். ஃபேன் சுற்றினால் பிள்ளை இறங்கிவிட்டான் என்று அர்த்தம். முதலில் அம்மாவிடம் போய்விடலாம் என்றுதான் எழுந்தாள். அதற்குள் ரெட்டை இன்னொரு வரி காட்டியது. அந்தத் தெருவில் ஒரு வீட்டில் சுவாசக் கருவி ஓடுகிறது, பேட்டரி தீரப்போகிறது.

“நான் குடுத்த அனுமதி சார். நானே போறேன்” என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஜெனரேட்டரைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் தலையில் கைவைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரைத் திட்டக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. ஏணியை எடுக்கச் சொன்னாள். கழுத்து வலிக்க மேலே பார்த்தாள். கம்பி இருந்தது, வானம் இருந்தது. ஃபோனை எடுத்தாள்.

“லைன்ல ஆள் இல்ல சார். குடுங்க.”

தெரு உயிர் பெற்றது. எங்கோ மிக்ஸி ஓடியது. ஒரு ஜன்னலிலிருந்து “அப்பாடா” என்று குரல் வந்தது. கையிலிருந்த ஃபோன் அடித்தது. அம்மா.

“ஃபேன் சுத்துதுடி. இறங்கிட்டானா?”

“இறங்கிட்டான்மா.”

“சோறு ஆறிப்போகுது, வரச் சொல்லு.”