கோபேயிலிருந்து வந்த மாப்பிள்ளை

கோபேயிலிருந்து வந்த தாணுமாலயனுக்குக் குற்றால அருவி பிடிக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்காம், கூட்ட நெரிசலாம். ஜப்பானில் அவர் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னாலேயே மலையும் அருவியும் இருக்கிறதாம். அங்கே ஒருத்தனும் சத்தம் போட்டுப் பேசமாட்டானாம். ஆறு வருஷமாக ஒரு சேட்டின் துணிக்கம்பெனியில் குமாஸ்தா. தென்காசிக்குப் பெண் பார்க்க வந்த இடத்தில் ஒரு மணி நேரமாக இதே பாட்டு. கூட வந்த மாமா குத்தாலிங்கம் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

கதவோரம் நின்ற கல்யாணசுந்தரிக்குக் கொட்டாவி வந்தது. அவள் பள்ளிக்கூட டீச்சர். பீற்றிக்கொள்கிற பையன்களைப் பெஞ்சுமேல் ஏற்றிப் பழகியவள். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. வயது இருபத்தேழு. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் அம்மா நொறுங்கிவிடுவாள்.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் ரிஜிஸ்தர் தபாலோடு வந்தார். அம்மா முத்துவடிவு கட்டைவிரலை மையில் ஒற்றி ரசீதில் வைத்துவிட்டு, முந்தானையில் துடைத்தபடி காப்பி போட உள்ளே போனாள்.

தாணுமாலயன் உதட்டைப் பிதுக்கினார்.

"கைநாட்டா? கல்யாணத்தை ரிஜிஸ்தர் பண்ணும்போது அவங்க சாட்சியா வரவேண்டாம். மாமா கையெழுத்துப் போடட்டும். அந்தப் பத்திரத்தை ஜப்பான் ஆபீசுல காட்டணும்லா? பாத்தா என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

இட்லி சுட்டு விற்று மகளை டீச்சர் டிரெய்னிங் படிக்கவைத்த விரல் அது. கல்யாணசுந்தரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அங்கன வந்ததும் நான் என்ன செய்யணும்?" என்று அடக்கமாகக் கேட்டாள்.

அவருக்கு முகம் மலர்ந்தது. "வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் ஆபீசுல பதியணும். போட்டோ ஒட்டி ஒரு புத்தகம் தருவான். எங்க போனாலும் கையில இருக்கணும், இல்லைன்னா போலீஸ் பிடிச்சுக்கிடுவான். அதுக்கு இடதுகை ஆள்காட்டி விரல் ரேகை வைக்கணும். பயப்படாத."

"நான்தான் கையெழுத்துப் போடுவேனே?"

"போட்டாலும் விடமாட்டான். நான் பி.ஏ., என்னையே விடலையே!"

சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. இடது கையை மெல்லக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். குத்தாலிங்கம் தலையாட்டுவதை நிறுத்தினார்.

காப்பித் தம்ளரோடு வந்த முத்துவடிவின் காதில் அது விழுந்தது. குத்திப் பேசத் தெரியாத மனுஷி அவள், நிஜமாகவே வருத்தப்பட்டாள். "ஐயோ பாவம்! படிச்ச பிள்ளையவே விரல் வைக்கச் சொல்லுதானா? கேக்க அங்கன ஒரு நாதி இல்லையா தம்பி?"

கல்யாணசுந்தரி தம்ளரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அவுகளுக்குப் பஸ்சுக்கு நேரமாச்சும்மா" என்றாள்.

காப்பியை அவளே குடித்தாள்.