இடது பக்கத்து ஸ்பீக்கர்

கடைக்காரன் பல்லைக் காட்டினால் பையைப் பிடித்துக்கொள் என்பது என் கட்சி. கார் ஆடியோக் கடைக்காரன் வாசலிலேயே பல்லைக் காட்டினான்.

கம்பெனி போட்டுக் கொடுத்த பாட்டு செட்டை மாற்ற வந்திருக்கிறேன் என்றேன். அவ்வளவுதான், பெட்டி பெட்டியாக எடுத்து அடுக்கிவிட்டான். டிக்கியை அடைக்கிற ஒன்றைத் தட்டிக் காட்டி, இதைப் போட்டால் தெருவே அதிரும் என்றான். தெரு அதிர்ந்து எனக்கு என்ன ஆகப்போகிறது? என் மனைவிக்கு வார்த்தை விளங்க வேண்டும், அதற்கு வழி சொல் என்றேன்.

போன மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அவளுடைய வலது காதைக் கொண்டுபோய்விட்டது. டாக்டர் காதில் வைக்க ஒன்று கொடுத்தார். ஒரே இரைச்சல் என்று அதை டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். காரில் ஏறுவதையே நிறுத்திவிட்டாள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஏரி வரைக்கும் போய்விட்டு வருவோம். பாட்டு ஓடும், அவளும் கூடவே முணுமுணுப்பாள், நான் முன்னால் போகிறவனை எல்லாம் திட்டிக்கொண்டு வருவேன். இப்போது கூப்பிட்டால் முட்டி வலிக்கிறது என்கிறாள், துணி காயவில்லை என்கிறாள். துணி காயாததற்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு சரியாகக் கேட்காததால்தான் இப்படிச் செய்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

வேலை நடக்கும்போது கடைக்குள் போய் உட்காரச் சொன்னான். நான் ஸ்டூலை இழுத்துக் காருக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டேன். முன்பலகையின் பிளாஸ்டிக் பட்டையை நெம்பி, செட்டை உருவினான். பின்னால் குடல் மாதிரி வயர்கள். ஒன்றையும் வெட்டக் கூடாது என்றேன். வெட்டத் தேவையில்லை, இடையில் மாட்டுகிற சாக்கெட் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினான். கதவின் உள்பலகையைக் கழற்றினால் உள்ளே கம்பெனி ஸ்பீக்கர் ஓரம் பிய்ந்த காகிதத் தட்டு மாதிரி இருக்கிறது. இத்தனை காலம் பாட்டுக் கேட்டது இதிலா? கதவுத் தகடு அதிராமலிருக்கக் கறுப்பாக ஒரு ஷீட்டை ஒட்டித் தேய்த்தான். பெரிய ஸ்பீக்கர் கதவுக்குள் போனது. நெல்லிக்காய் அளவில் இன்னொன்று முன்கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்தது. வார்த்தையைத் தெளிவாகத் தருவது அந்தச் சின்னதுதானாம். கழற்றியதை எல்லாம் ஒரு பையில் போடச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டேன்.

“பெரியவர் போலீஸ்ல இருந்தீங்களா?”

“லாரி ஓட்டினேன். அதனாலதான் கழட்டறவன் கையையே பாக்கறேன்.”

கடைசியில் சத்தத்தைச் சரிபார்க்க என் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டுகிறவர் காதுக்குத்தான் எல்லாருக்கும் வைப்போம் என்றான். எனக்கு வேண்டாம், பக்கத்துச் சீட்டுக்கு வை என்றேன். அப்படியானால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், வீட்டில் இருக்கிற காதுக்கு நான் இங்கிருந்து எப்படி வைப்பது என்று கேட்டான். அது நியாயம்தான்.

வீடு அடுத்த தெருவில். கடையில் உன் கையெழுத்து வேண்டுமாம் என்று பொய் சொல்லி நடத்தியே அழைத்து வந்தேன். கையெழுத்து எங்கே என்று கேட்டுக்கொண்டேதான் இடது சீட்டில் உட்கார்ந்தாள். அவளுடைய நல்ல காது கதவுப் பக்கம். அவன் சத்தத்தை எல்லாம் அந்தப் பக்கமாகத் தள்ளி ஒரு பழைய பாட்டை ஓடவிட்டான். என் சீட்டில் அது பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரி இருந்தது. அவள் கேட்டாள். நன்றாகக் கேட்கிறது என்று தலையை ஆட்டிவிட்டு, இறங்கச் செருப்பைத் துழாவினாள்.

ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டேன். என் வாயைப் பார்த்தாள், பிறகு குனிந்துகொண்டாள்.

அவன் சுற்றிக்கொண்டு போய் அவள் பக்கத்துக் கதவருகே நின்று, என்னம்மா, சத்தம் போதவில்லையா என்றான். என்னிடம் சொல்லாததை அவனிடம் சொன்னாள்.

“பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம்ப்பா. கேக்காட்டியும் உள்ள ஓடும். இவர் பேசறதுதான் கேக்கல. திரும்பிப் பாத்தா வாய் அசையுது, கழுத்து நரம்பு பொடைக்குது. வழி பூரா என்னையத் திட்டறாருன்னு நெனைச்சுக்கிட்டு எவ்வளவு தூரம் போறது?”

நான் எங்கே திட்டினேன்? காது கேட்காதவளுக்குக் கேட்கட்டும் என்று கத்தினேன். அங்கே பார், கொக்கு நிற்கிறது என்றுதான் கத்தினேன். இறங்கி அவள் பக்கம் போய் அதைச் சொன்னேன்.

“கொக்கைக் காட்டறதுக்கா அந்த மூஞ்சி?” என்றாள்.

கடைக்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு ஒரு யோசனை வந்தது. என் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நல்ல காது வண்டிக்கு உள்பக்கம் வருமே என்றேன்.

“பின்னாடி உக்கார நான் என்ன சவாரியா?”

அவன் கடைக்குள் போய் எதையோ உருட்டினான். விளம்பர வண்டிகளுக்கு மாட்டுகிற சட்டைக் காலர் மைக்கோடு வந்தான். அதைப் புது செட்டில் சும்மா கிடந்த ஓட்டையில் இணைத்து, என்னை மறுபடி என் சீட்டில் உட்காரவைத்து, மறுமுனையை என் சட்டையில் குத்தினான். திருகியதும் கார் முழுக்க வீல் என்று கத்தியது. “இது கேட்டுச்சு” என்றாள் அவள். சத்தத்தைக் குறைத்து, இடது பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் வரும்படி வைத்தான். கத்தாமல் ஏதாவது பேசுங்கள் என்றான்.

பேசு என்றால் என்ன பேசுவது? எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்ததில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“பெல்ட்டப் போடு” என்றேன்.

குரல் வந்த கதவை அவள் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இவ்வளவு மெதுவா பேசுவீங்களா நீங்க?”

செருப்பைத் துழாவிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எதற்கு, வண்டியை எடுங்கள் என்றாள். கையெழுத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை.

வண்டியை எடுத்தேன். பழைய ஸ்பீக்கர் பையை ஸ்டூல் மேலேயே மறந்துவிட்டது பாதி வழியில்தான் நினைவுக்கு வந்தது. திரும்பவில்லை, வைத்துக்கொள்ளட்டும். ஏரி வந்ததும் மைக்குக்கு மேல் குனிந்து, கொக்கு என்றேன்.

“பாத்துட்டேன்” என்றாள்.